ஒன்பது அங்குலக் குழி

அந்தக் கான்கிரீட் கட்டி மண்ணுக்குள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

புதிய துணிக்கொடிக் கம்பத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த ஆல்வென் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழியோரம் குந்தினாள். கையால் மண்ணைத் தள்ளத் தள்ள, வாளியைக் கவிழ்த்து எடுத்தது போன்ற உருண்டை வடிவம் தெரிந்தது. அதன் தலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் நுனி ஒடிந்த நுனி இல்லை. ரம்பத்தால் அறுத்த நுனி.

ஐந்து மாதமாக அவளுக்குச் சொல்லப்பட்டது வேறு. துணிக்கொடிக் கம்பம் இரண்டரை அடி ஆழத்துக்கு நட்டது, நீ ஏற்றிய ஈரப் பாரம் தாங்காமல் தரைமட்டத்தில் ஒடிந்துபோயிற்று என்று சொல்லியிருந்தார்கள். ஒடிந்த கம்பத்தின் அடிப்பகுதி நட்டபடி நிமிர்ந்து நிற்க வேண்டும். இது புரண்டு கிடந்தது. யாரோ தூக்கிப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி, மிதித்து மூடியிருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்குள் போய்த் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக எடையும் அளவும் பார்த்துப் பழகிய கை. கட்டியின் தலையிலிருந்து அடிவரை நாடாவைப் பிடித்தாள். ஒன்பது அங்குலம். நம்பாமல் இன்னொரு பக்கம் வைத்துப் பிடித்தாள். அங்கே ஒன்பதுகூட இல்லை.

கட்டியை உருட்டிவிட்டபோது அதன் அடியில் ஒரு செங்கல் துண்டும், கசங்கிய செய்தித்தாளும், ஒரு பச்சை லெமனேடு பாட்டிலின் கழுத்தும் சிமெண்டோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தன. தலைப்பக்கத்தில் ஆணியால் கீறிய எழுத்து இருந்தது. டி.பி. என்றும் அதற்குக் கீழே வருஷமும். அந்த எழுத்தை அவள் மூன்று வருஷம் தினமும் பார்த்திருக்கிறாள். கம்பத்தின் காலடியில் ஒரு பெரிய மனிதனின் கையெழுத்துப் போல அது இருந்தது.

டி.பி. என்றால் டில்வின் பாரி. அவள் கணவன் எம்ரிஸின் அண்ணன். கவுன்சிலில் சாலை வேலை மேஸ்திரி. ஊரில் பாதித் தடுப்புச் சுவர்கள் அவன் எழுப்பியவை. வரும் கோடையில் தேவாலயச் சபையில் அவனை மூப்பராகத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவனும் எம்ரிஸும் இந்தக் கம்பத்தை நட்ட நாளில் ஆல்வென் பள்ளிக்கூட விழாவுக்குச் சமைக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது டில்வின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் செய்து வைத்திருந்த ஆப்பிள் டார்ட்டில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டரை அடி இறக்கியிருக்கேன் ஆல்வென். இந்த மலையே சரிஞ்சாலும் உன் கம்பம் நிக்கும்," என்று சொல்லியிருந்தான்.

மலை அப்படியேதான் இருந்தது. கம்பம் நவம்பரில் விழுந்தது. பத்து நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு நல்ல காற்றோடு ஒரு வெயில் நாள் வந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு நாள் கிடைத்தால் தெருவில் எல்லாத் தோட்டத்திலும் துணி பறக்கும். ஆல்வென் இரண்டு படுக்கை விரிப்பும் ஒரு கம்பளியும் காயப்போட்டாள். அவர்களோடு வந்து தங்கியிருந்த மாமியார் லிசி பாரி கிளிப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். காற்று விரிப்புக்குள் புகுந்து பாய்மரம் போல உப்பிற்று. கொடி விறைத்தது. அப்புறம் எல்லாம் ஒரு நொடியில் நடந்தது. கம்பம் மாமியாரின் தோளில் விழுந்தது. அவள் ஈரக் கம்பளிக்கு அடியில் கிடந்தாள்; அவளை வெளியே இழுத்த ஆல்வென் கம்பத்தின் அடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. காறை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

அதன் பிறகு கிழவி டில்வின் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆல்வென் வீட்டில் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். டில்வினின் மனைவி பெரிலுக்கு இடுப்பு வலி என்பதால், வேலை முடிந்ததும் தினமும் சாயங்காலம் மலைத்தெருவில் ஏறிப் போய் மாமியாரைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றிவிடுவது ஆல்வெனின் பொறுப்பாயிற்று. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. குற்றம் தன்னுடையது என்று அவளே நம்பியிருந்தாள்.

"வந்துட்டியா? இன்னிக்கு எதை என் தலையில போடப் போறே?" என்று தினமும் ஒரே கேள்வியோடு கிழவி வரவேற்பாள். டில்வின் நாற்காலியில் சாய்ந்தபடி, "விடும்மா, அவளும் மனுஷிதானே, ஒரு தப்பு பண்ணிட்டா," என்று பெருந்தன்மையாகச் சொல்வான். எம்ரிஸ் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த "விடும்மா" இப்போது ஆல்வெனின் காதில் விழுந்தது. அவள் எழுந்து நின்று, கடப்பாரையை எடுத்துக் குழியின் அடியில் ஓங்கிக் குத்தினாள். டங் என்று கையெல்லாம் அதிர்ந்தது. அடியில் சிலேட்டுப் பாறை. இவர்கள் ஒன்பது அங்குலம் தோண்டியதும் பாறை தட்டியிருக்கிறது. அதோடு கையைக் கழுவிவிட்டு டார்ட் தின்ன உட்கார்ந்துவிட்டார்கள்.

எம்ரிஸ் பன்னிரண்டரை மணிக்குத் தபால் கொடுத்து முடித்து வந்தான். சமையலறைக் கதவைத் திறந்து தோட்டத்துக்குள் மூன்று எட்டு வைத்தவன், குழியையும் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கட்டியையும் பார்த்து நின்றுவிட்டான்.

"அங்க தோண்டாதேன்னு சொல்லியிருந்தேனே," என்றான்.

"நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பதான் புரியுது."

"நானே செய்றேன்னு சொன்னேன்ல."

"அஞ்சு மாசமா சொல்றே. அஞ்சு மாசமா ஈரத்துணியை நாற்காலி முதுகுல போட்டுக் காயவெச்சு வீடே நாறுது. இதைப் படுக்க வெச்சது நீயா, உங்க அண்ணனா?"

எம்ரிஸ் தபால் பையைத் தோளிலிருந்து இறக்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலக் கையிலேயே வைத்திருந்தான்.

"ரெண்டு பேரும்," என்றான்.

"எப்போ?"

"அன்னிக்கேதான். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

ஆல்வெனுக்கு அந்த மதியம் நினைவு வந்தது. ஆம்புலன்சில் கிழவி வலியில் அவள் விரல்களை நெரித்துக்கொண்டே வந்தாள். எம்ரிஸ் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தான். வழியில் வண்டி கிடைக்கவில்லை என்றான். அவன் நகத்தில் மண் இருந்ததைக்கூட அவள் பார்த்தாள். விழுந்ததைத் தூக்கி ஒழுங்கு செய்திருக்கிறான், பாவம் என்று நினைத்திருந்தாள்.

"உங்கம்மாவுக்கு எலும்பு உடைஞ்சிருக்கா, உசிரு இருக்குமான்னுகூடத் தெரியாது. நீ இங்க உக்காந்து குழாயை அறுத்துக்கிட்டு இருந்தே."

"அண்ணன்தான் உடனே வந்தாரு. யாராவது வந்து பாக்கறதுக்குள்ள மூடிடலாம்னாரு. பதட்டத்துல எனக்கு எதுவும் ஓடல ஆல்வென்."

"பதட்டம் அன்னிக்கு. மறுநாள்? அதுக்கு மறுநாள்? கிறிஸ்துமஸ் அன்னிக்கு உங்கம்மா எல்லார் முன்னாடியும் எனக்குக் கொடுத்த பரிசு ஒரு பாக்கெட் கிளிப். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்சே."

எம்ரிஸ் பையின் வாரைத் திருகினான். "நட்ட அன்னிக்கே நான் சொன்னேன். பாறை தட்டுது, தள்ளி நடலாம்னு. மழை வர்ற மாதிரி இருக்கு, ரெண்டு பாவாடை காயப்போட இதுவே ஜாஸ்திடான்னாரு. அவருகிட்ட நான் என்ன பேச முடியும்?" என்றான்.

"அவருகிட்டப் பேச முடியல, சரி. என்கிட்ட?"

"உன்கிட்டச் சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே. ஊருக்கே தெரியும். சாலை மேஸ்திரி ஒரு கம்பத்தை நடத் தெரியாம அம்மா மேலயே போட்டுட்டான்னு பேசுவாங்க. மூப்பர் ஆகறதெல்லாம் போயிடும். அம்மாவும் அதைத் தாங்க மாட்டாங்க. நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

ஆல்வெனுக்குக் கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"நான் என்ன கம்பமா, எதைப் போட்டாலும் தாங்கிக்கிட்டு நிக்க? கம்பமே நிக்கலையே."

"ஈஸ்டர் போகட்டும். நானே அண்ணன்கிட்டப் பேசி, மெதுவா..."

"நாளைக்கு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஆல்வென்."

"அதனாலதான். எல்லாரும் ஒரே மேஜையில இருப்பீங்க."

அன்று சாயங்காலம் அவள் மாமியாரைக் குளிப்பாட்டப் போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க, ஓரடிக்கு ஓரடி குத்திப் பார்த்தாள். பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறித்துக்கொண்டாள். உள்ளே எம்ரிஸ் இரண்டு தடவை விளக்கைப் போட்டு அணைத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குப் போகவில்லை. ஆராதனை முடியும் நேரம் பார்த்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கட்டியை ஏற்றினாள். ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்கும் கொஞ்சம் அதிகமான எடை. பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு மூட்டை தூக்குகிறவளுக்கு அது பெரிதில்லை. சபைக்குக் கிளம்பிப் போகாமலே இருந்துவிட்ட எம்ரிஸ், சபைக் கோட்டோடு வாசலில் நின்றுகொண்டு, தள்ளுவண்டியின் பிடியில் கை வைத்தான்.

"கையை எடு," என்றாள்.

மலைத்தெரு செங்குத்தாக ஏறும். சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் கிறீச்சிட்டது. சபை விட்டு வந்த பெண்கள் தொப்பியும் கையுறையுமாக இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். எம்ரிஸ் பத்தடி பின்னால், யாருக்கோ துணையாக வந்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"என்ன ஆல்வென், ஞாயித்துக்கிழமையும் தோட்ட வேலையா?" என்று மிசஸ் ரீஸ் கேட்டாள். ஊரில் ஒரு செய்தி யாரிடம் போனால் எல்லோரிடமும் போகுமோ, அவள் அந்த ஆள்.

"தோட்ட வேலை இல்ல மிசஸ் ரீஸ். சாப்பிடப் போறோம்," என்றாள் ஆல்வென்.

டில்வின் வீட்டில் மேஜை போட்டாகிவிட்டது. ஆட்டுத்தொடை, வறுத்த கிழங்கு, புதினாச் சாறு. டில்வின் தன் நாற்காலிக்கு முன்னால் நின்றபடி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். மேஜையின் தலைப்பக்கத்தில் லிசி பாரி தோளில் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். பெரில் சமையலறையிலிருந்து தட்டுகளோடு வந்தாள்.

ஆல்வென் கட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கோட்டில் மண் அப்பியிருந்தது. ஒருவரும் ஏதும் சொல்வதற்குள் மேஜையைச் சுற்றிப் போய், டில்வின் உட்கார வேண்டிய நாற்காலியில் அதை வைத்தாள். நாற்காலி முனகிற்று.

"என்ன இது?" என்றாள் கிழவி. "ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல, என்ன பொண்ணே இது?"

"உங்க தோளை உடைச்ச கம்பத்தோட அடி, அத்தை. உங்க பெரிய பிள்ளை ரெண்டரை அடின்னு சொன்னாரே, அது இதுதான். நான் அளந்துட்டேன். வேணும்னா நாடா கொண்டு வந்திருக்கேன், நீங்களும் அளந்துக்கலாம்."

டில்வின் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இது எங்கிருந்தோ பொறுக்கிக்கிட்டு வந்தது. உன் கம்பம் ஒடிஞ்சது. உனக்குப் பைத்தியமா?"

"தலையில உங்க பேரு இருக்கு. நீங்க கீறினது. மூணு வருஷமா பாத்திருக்கேன். அடியில லெமனேடு பாட்டில் இருக்கு. ஜல்லி போட வேண்டிய இடத்துல பாட்டிலையும் பேப்பரையும் போட்டு நிரப்பியிருக்கீங்க."

"இங்க பாரு, அங்க பாறை. பாறை மேல எவனால குழி தோண்ட முடியும்? ஒரு துணிக்கொடிக்கு வெடியா வைக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. பெரில் தட்டுகளை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.

"ஆறடி தள்ளித் தோண்டியிருக்கலாம்," என்றாள் ஆல்வென்.

"இப்ப நீ எனக்கு வேலை சொல்லித் தரியா?"

"நேத்து குத்திப் பாத்துட்டுத்தான் சொல்றேன். சரியா ஆறடி. அங்க மூணடிக்கும் வெறும் மண்ணு. ஒரு கடப்பாரையும் அரை மணி நேரமும் போதும். அந்த அரை மணி நேரத்துல நீங்க என் டார்ட்டைத் தின்னீங்க."

கிழவி டில்வினைப் பார்க்கவில்லை. சின்ன மகனைப் பார்த்தாள். எம்ரிஸ் இன்னும் கதவருகிலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எம்ரிஸ், நீ சொல்லு."

அவன் அண்ணனைப் பார்த்தான். டில்வின் தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்பது போல. எம்ரிஸின் கழுத்து சிவந்தது. அதன் பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னான். பாறை தட்டியது, மழை மேகம், பாட்டில், ஆம்புலன்ஸ் போன பிறகு ரம்பம் எடுத்தது, கட்டியைப் புரட்டிப் புதைத்தது, இரண்டரை அடி என்றே சொல்லிக்கொள்வோம் என்று பேசி வைத்தது. எதையும் விடவில்லை.

கறி ஆறிக்கொண்டிருந்தது. கிழவியைத் தவிர யாரும் உட்காரவில்லை.

"போன செவ்வாய்க்கிழமை மிசஸ் ரீஸ் இங்க வந்தா," என்று கிழவி மெதுவாகத் தொடங்கினாள். "என் மருமக அளவு தெரியாம துணியை ஏத்தி என்னைக் கொல்லப் பாத்தான்னு அவகிட்டச் சொன்னேன். டில்வின், நீ என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தே."

"அம்மா..."

"சர்க்கரை போதுமாம்மான்னு கேட்டே."

டில்வின் கத்தியை வைத்தான். நாற்காலியில் கட்டி இருந்ததால் உட்காரவும் இடமில்லை. "சரி, ஒரு தப்பு. எல்லாரும் பண்றதுதான். அதுக்குன்னு ஊர் பாக்கத் தெருவுல தள்ளிக்கிட்டு வரணுமா? குடும்ப விஷயத்தை வீட்டுக்குள்ள பேசத் தெரியாதா இவளுக்கு?"

அந்தப் பேச்சு ஆல்வெனுக்கு எரிகிற இடத்தில் பட்டது. அதுவரை தாழ்ந்தே இருந்த குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

"வீட்டுக்குள்ளதான் பேசினீங்க. நானும் உங்கம்மாவும் இல்லாத வீட்டுக்குள்ள. அஞ்சு மாசம் இந்த மலையில ஏறி வந்தேன். மழையில, பனியில. இவங்க உடம்பைத் துடைச்சுவிட்டேன். திட்டினதெல்லாம் வாங்கிக்கிட்டேன். ராத்திரி படுத்தா அந்தக் கம்பளியைப் போட்டிருக்கக் கூடாது, அந்தக் கம்பளியைப் போட்டிருக்கக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீங்க அந்த நாற்காலியில உக்காந்து எனக்கு மன்னிப்புக் குடுத்தீங்க. விடும்மா, அவளும் மனுஷிதானேன்னு. நீங்க எனக்குக் குடுத்தீங்க."

பெரில் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

கிழவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "என் மேலயும் கோவமா இருக்கியா?" என்று கேட்டாள்.

"உங்க மேலயும்தான், அத்தை."

"சரி. நாளைக்குச் சாயங்காலம் வருவியா?" என்றாள். அந்தக் குரலில் அதிகாரம் பாதிதான் இருந்தது.

"வர மாட்டேன். உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. தண்ணி சுட வைக்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

அவள் சாப்பிடாமல் கிளம்பினாள். காலி வண்டி இறக்கத்தில் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, நின்றபடியே நாலு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றாள். அழுகை வரவில்லை. கோபம் அப்படியே, அடுப்பில் வைத்த கெட்டில் போல, உள்ளே இரைந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கடைக்குப் போய்ச் சிமெண்ட், ஜல்லி, மணல், புதிய கம்பம், அதைச் செருகி எடுப்பதற்கான இரும்பு உறை எல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். ஏப்ரல் மாதத்தில் வெளிச்சம் எட்டு மணி வரை இருக்கும். மூன்று சாயங்காலம் தோண்டினாள். வாய் ஓரடி அகலம், அடி அதைவிட அகலம், ஆழம் இரண்டரை அடி. ஒவ்வொரு அரையடிக்கும் நாடாவைப் போட்டு அளந்தாள். அளக்கும்போதெல்லாம் டில்வினின் முகம் நினைவு வந்தது. மண்வெட்டி கூடுதலாக இறங்கியது.

எம்ரிஸ் ஜன்னலில் நின்று பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் பின்னறையில் படுத்துக்கொண்டான். சாயங்காலம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மலைத்தெருவுக்குப் போய் வந்தான். முதல் நாள் சட்டையெல்லாம் நனைந்து, முகம் வாடித் திரும்பினான். ஆல்வென் ஒன்றும் கேட்கவில்லை.

நாலாம் நாள் தோட்டத்துக்கு வந்தான். "நான் பிடிச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கலக்கவாவது..."

"தண்ணி கொண்டா. வேற எதையும் தொடாதே."

அவன் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குழியின் அடியில் நாலு அங்குலத்துக்குச் சிலேட்டு உடைசலைப் போட்டு இடித்தாள், மழை நீர் தங்காமல் வடிவதற்கு. இரும்பு உறையின் அடிப்பக்க ஓட்டையில் துணியை அடைத்தாள், சிமெண்ட் உள்ளே போய்விடாமல். உறையைக் குழியின் நடுவில் நிறுத்தி, கம்பத்தை அதில் செருகி, நாலு பக்கமும் மரச்சட்டத்தால் முட்டுக்கொடுத்துக் கட்டினாள். நேராக நிற்கிறதா என்று ரசமட்டத்தைக் கம்பத்தின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். கொடி இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு நூலளவு சாய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலவையைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கட்டையால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினாள். மேல்மட்டத்தைக் கொத்தனார் கரண்டியால் வெளிப்பக்கம் சரிவாக வழித்துவிட்டாள்.

பேர் எதுவும் கீறவில்லை.

"எத்தனை நாள் காயணும்?" என்றான் எம்ரிஸ், காலி வாளியோடு.

"ஒரு வாரம். அதுக்குள்ள எவனாவது அதுல கை வெச்சான்னா..." அவள் முடிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து முட்டுகளை எடுத்தாள். எம்ரிஸ் தபால் உடுப்போடு வந்து நின்றான்.

"தொங்கு," என்றாள்.

"என்ன?"

"கம்பத்தைப் பிடிச்சுத் தொங்கு. நீ நூத்தி அறுபத்தெட்டு பவுண்டு எடை. எந்தக் கம்பளியும் அவ்வளவு வராது."

அவன் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. தொப்பியைக் கழற்றிச் சுவர் மேல் வைத்துவிட்டு, எட்டிக் கம்பத்தின் மேற்கொக்கியைப் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினான். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கதவைத் திறந்து, பார்த்து, மறுபடி சாத்திக்கொண்டார்கள். ஆல்வென் குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தாள். ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"போதுமா?" என்றான் மேலிருந்து.

"இன்னும் கொஞ்ச நேரம் தொங்கு," என்றாள்.

அந்தக் கோடையில் மூப்பர் தேர்தலில் டில்வினின் பெயர் வரவில்லை. வேலைப்பளு அதிகம் என்று அவனே சொல்லி விலகிக்கொண்டதாகச் சபையில் அறிவித்தார்கள். அவனை விலக வைத்தது லிசி பாரிதான் என்று தெருவில் சொன்னார்கள். அவன் ஆல்வெனைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கிழவி மே மாதக் கடைசியில் ஒரு நாள் வந்தாள். தனியாகவே இறக்கத்தில் இறங்கி வந்திருந்தாள். சமையலறையில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"மிசஸ் ரீஸ்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன்," என்றாள். "என் மருமக மேல தப்பில்ல, தப்பு பிள்ளைங்க மேலன்னு. ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவ நம்பல."

"சரி, அத்தை."

"எம்ரிஸுக்கு முதுகு தேய்க்கத் தெரியல. பூனையைத் துடைக்கிற மாதிரி துடைக்கிறான்."

"பழகிக்குவான்," என்றாள் ஆல்வென். கெட்டிலை அடுப்பில் வைத்தாள். வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கிழவி டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜூன் முதல் திங்கட்கிழமை வெயிலும் காற்றுமாக விடிந்தது. ஆல்வெனுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. காலையிலேயே எல்லா விரிப்புகளையும் துவைத்துப் போட்டாள். மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. எம்ரிஸ் வேலை முடிந்து வந்தபோது அவள் கிளிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சற்றுத் தள்ளி நின்றான். இரண்டு மாதமாக அவளிடமிருந்து அந்தத் தூரத்தில் நின்றே பழகியிருந்தான்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டான்.

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல விருப்பமில்லை. "தெரியல. நிறைய நாளைக்கு இருக்கும்னு நெனைக்கிறேன்."

அவன் தலையசைத்தான். போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் கால் மாற்றினான். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆல்வென் அதன் ஒரு முனையை அவன் பக்கமாக நீட்டினாள்.

"பிடி," என்றாள். "கீழ விடாதே."